கீழே ஓடுகிற எழுத்து

"இப்ப என்னடி பண்றான்?" என்றார் பட்டாளத்தார், தியேட்டரே திரும்பிப் பார்க்கிற குரலில்.

"வெட்டுறான்," என்றாள் மனைவி.

"யாரை?"

"வர்றவனையெல்லாம்."

படம் வேற்றுமொழிப் படம். போரில் கண்ணை இழந்த சிப்பாய் ஒருவன் வாளெடுத்துக் கிளம்புகிற கதை. வசனம் கீழே எழுத்தாக ஓடும். அதை அவர் காதில் ஓதுவது மனைவியின் வேலை. பட்டாளத்தாருக்கும் போரில்தான் கண் போயிற்று. அவரிடம் வாள் கிடையாது. இரும்புப் பூண் போட்ட கைத்தடி உண்டு.

மனைவி சொன்னபடி, அந்தக் குருடன் ஒரே வீச்சில் நாலு பேருடைய இடுப்புவாரை அறுத்தான். கத்தியைப் பிடிப்பதா, கால்சட்டையைப் பிடிப்பதா என்று அவர்கள் முடிவெடுப்பதற்குள் அடுத்த வீச்சு வந்துவிட்டது. பிறகு கொட்டுகிற மழையில், மேலே விழ வந்த துளிகளையெல்லாம் வாளால் தட்டிவிட்டு, நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தான்.

இதையெல்லாம் அவள் மளிகைச் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள்.

பட்டாளத்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புளுகு! கண்ணு போன புதுசுல செருப்பைத் தேடி நான் அரை நாள் தவழ்ந்தேன். இவன் நனையக்கூட மாட்டானாமா?"

"பெரியவரே, நாங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்," என்றான் பின்வரிசைக்காரன்.

"நான் கண்ணையே குடுத்துட்டு வந்திருக்கேன். பொத்திக்கிட்டுப் பாரு."

அவர் சண்டைக்காக வரவில்லை. முடிவுக்காக வந்தார்.

படத்துச் சிப்பாயின் கண்ணைப் பறித்தது எதிரி இல்லை, சொந்தத் தளபதி. விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார்கள். பட்டாளத்தார் கதையும் அதுதான். தன் ஆட்கள் பதுங்கியிருந்த மேட்டின் மீதே பீரங்கியைத் திருப்பச் சொன்ன மகராசன், நாளைக் காலை முன்னாள் சிப்பாய்கள் விழாவுக்கு வருகிறார். பட்டாளத்தாரை மேடைக்குக் கூப்பிட்டு, பதக்கம் குத்தி, கைகுலுக்கப் போகிறார்.

கை கொடுப்பதா, தடியால் மண்டையைப் பிளப்பதா? பட்டாளத்தாருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"அவன் தன் தளபதியை என்ன செய்றானோ, நாளைக்கு நானும் அதையேதான் செய்வேன்," என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

மனைவி வழக்கம்போல, "போனது போச்சு, விடுங்க," என்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றும் இதையேதான் சொன்னாள். கோபமே வராத பிறவி என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் தனியாக ஒரு கோபம் வரும்.

கடைசிக் காட்சி. பேச்சில்லை. காற்று. இரண்டு பேர் மூச்சு. உறையிலிருந்து வாளை உருவும் சத்தம்.

பட்டாளத்தாரின் விரல்கள் தடியை நெரித்தன.

ணங்கென்று ஏதோ தரையில் விழுந்தது. தியேட்டர் கைதட்டியது.

"என்னடி விழுந்துச்சு?"

மனைவியின் கை அவர் தடிமேல் வந்து உட்கார்ந்தது.

"தலை," என்றாள்.

"தலை விழுந்தா ணங்குன்னா கேக்கும்?"

"இரும்புத் தொப்பி போட்டிருந்தான்."

பட்டாளத்தார் நீளமாக மூச்சு விட்டார். ஒரு வாரமாக விறைத்திருந்த அவர் தோள் இறங்கியது.

வெளிவாசல் நெரிசலில், பின்வரிசைக்காரன் தன் கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனான். "வாளைக் கீழ போட்டுட்டு அந்தத் தளபதியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான் பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

பட்டாளத்தார் நின்றுவிட்டார்.

அவர் கையைப் பிடித்திருந்த மனைவியின் நகங்கள் சட்டையைத் தாண்டிச் சதையில் இறங்கின.

"அவன் வேற படம் பாத்திருப்பான்," என்றாள். "நடங்க. காலையில சீக்கிரம் போனாத்தான் எனக்கு முன்வரிசையில இடம் கிடைக்கும்."