டேப் சுற்றிய வயர்

ஒரு வீட்டில் பாட்டு கேட்க ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கொஞ்ச நாளாக, ஹெட்போனை மாட்டினால் பாட்டோடு சேர்ந்து 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சலும் கேட்டது.

"எல்லாம் உன்னாலதான்" என்று தனக்குக் கரண்டு கொண்டுவரும் பழைய வயரைத் திட்டியது ஆம்ப்ளிஃபயர். "கறுப்பு டேப்பால கட்டுப் போட்ட உடம்பு, வேற எப்படி இருக்கும்?"

"நான் இல்ல தம்பி. பக்கத்துல செல்போன் சார்ஜர் வந்து உட்கார்ந்ததுல இருந்துதான் இப்படி."

"அவரு வெள்ளையும் சொள்ளையுமா எப்படி இருக்காரு! அவரையா சொல்ற?"

சார்ஜர் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

வீட்டுக்காரி பரிமளாவுக்கும் டேப் சுற்றிய வயர் மேல்தான் சந்தேகம். தடியாக ஒரு புது வயர் வாங்கி மாட்டினாள். பழையதை நறுக்கிப் புடலைப் பந்தலுக்குக் கட்டாகப் போட்டாள்.

இரைச்சல் நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் இப்போது யாரையும் திட்டவில்லை.

ஒரு நாள் காலையில் பரிமளாவின் கணவன் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். பரிமளா ஹெட்போனை மாட்டினாள். பாட்டு மட்டும் கேட்டது, அவ்வளவு சுத்தமாக.

ஆம்ப்ளிஃபயர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. பந்தல் காலில் கறுப்பு டேப் சுற்றிய துண்டு ஒன்று இறுகிக் கிடந்தது.

"அண்ணே!" என்று கூப்பிட்டது. "அண்ணே, நான்தான்..."

ஆனால் தன்னோடு மாட்டியிருப்பவற்றைத் தாண்டி அதன் குரல் எங்கும் போகாது; ஹெட்போனுக்குள்தான் போனது.

பரிமளா முகத்தைச் சுளித்து ஹெட்போனைக் கழற்றினாள். "மறுபடியும் இரையுதே. இந்தப் புது வயரும் சரியில்ல போல."