ஒழுங்கைக் கம்பி

"தம்பி, எங்கடை கம்பிக்கு ஒரு பூட்டுப் போட்டுத் தாரும்" என்றாள் கனகாம்பிகை.

சொல்லியனுப்பியதும் ஓடி வந்திருந்தான் சோமசேகரம். தொலைபேசிக் கந்தோரில் வேலை பார்த்தவன். யாழ்ப்பாணத்து லைன்கள் எல்லாம் செத்துப்போனபின், சும்மா இருக்கப் பிடிக்காமல் உடுவிலில் வேலிகளுக்கு நடுவே ஓடும் சின்னத் தெருவான தன் ஒழுங்கையின் நாலு வீடுகளுக்கும் ஒரே கம்பியை இழுத்து, பழைய போன்களைப் பொருத்தியிருந்தான். ஒரு தரம் மணி அடித்தால் மார்க்கண்டர் வீடு. இரண்டு தரம் கனகாம்பிகை, மூன்று தரம் அவள் தங்கை குணலட்சுமி, நாலு தரம் அவன் வீடு. மணி என்னவோ எல்லா வீட்டிலும்தான் அடிக்கும். அடுத்த வீட்டு மணிக்குப் போனைத் தூக்கக்கூடாது என்பது ஒழுங்கைச் சட்டம். நம்முடைய சனம் சட்டம் பார்த்த சனமா?

ஆரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று கனகாம்பிகை பொரிந்து தள்ளினாள். மகள் அருந்ததிக்கு நல்லூரில் ஒரு சம்பந்தம் பேசியதைத் தங்கைக்கு மட்டும்தான் போனில் சொன்னாள். நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போய்விட்டது. பிள்ளைக்கு வேறு இடம் சரிவந்துவிட்டதாம்! அடுத்தது சாவகச்சேரி மாப்பிள்ளை வீடு. அதற்கும் அதே கடிதம்தான். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். பிள்ளைக்கு இருபத்தேழு நடக்கிறது, மூன்றாவதும் குழம்பினால் என்ன செய்வது என்று புலம்பினாள்.

எல்லாம் மார்க்கண்டரின் மனைவி தங்கமுத்துவின் வேலைதான் என்று அடித்துச் சொன்னாள். அந்த மனுசிக்கு ஊர்ப்புதினம் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

சோமசேகரம் தலையை ஆட்டினான். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் மற்ற வீடுகளில் ஒன்றும் கேட்காதபடி சுவிச்சு வைக்கலாம், இரண்டு நாள் வேலை என்றான். சொல்லிவிட்டும் எழும்பவில்லை. அருந்ததி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனதும், சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அன்ரி, கோவிக்கக்கூடாது. அருந்ததியை எனக்குத் தருவியளோ? செவ்வாய் உள்ள பிள்ளைக்குச் செவ்வாய் உள்ள மாப்பிள்ளைதானே வேணும். என்ரை குறிப்பிலையும் ஏழில செவ்வாய்தான்."

கனகாம்பிகை கடதாசியை விரித்துப் பார்த்தாள். பிறந்தபோது எழுதிய சாதகக் குறிப்பாம், மைகூட இன்னும் சரியாகக் காயவில்லை. அவளுக்கு வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது.

"அருந்ததிக்குச் செவ்வாய் ஒண்டும் இல்லைத் தம்பி. ஒட்டுக்கேக்கிற ஆளைப் பிடிக்கவெண்டு, நேற்றுத் தங்கச்சிக்குப் போனில சும்மா சொன்னனான். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போய், உம்மடை உண்மையான குறிப்பை எடுத்துக்கொண்டு வாரும்."