கரடியின் கடைவாய்ப் பல்

இலுப்பைப் பூ உதிரத் தொடங்கிய அன்றுதான் கரடிக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. பல் பிடுங்கும் மரங்கொத்தியைப் பார்க்க இலுப்பை மரத்தடி வரை போனது. மேலே டொக் டொக்கென்று சத்தம் கேட்டதும் வலி போன இடம் தெரியவில்லை. "அதான் சரியாகிவிட்டதே" என்று திரும்பிவிட்டது. குகைக்கு வந்ததும் உயிர் போகிற வலி.

தித்திப்பு பட்டாலே பல் சுண்டி இழுத்ததால் பூவைத் தொடவில்லை. கிராம்பை அதக்கிக்கொண்டு நாளைக் கடத்தியது. கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்த பிறகுதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மரமேறி வாயைத் திறந்தது.

ஒரே இழுப்பு.

"இவ்வளவுதானா ஐயா?" என்றது கரடி.

"இவ்வளவுதான்."

"இனி இலுப்பைப் பூ தின்னலாமா?"

"தாராளமாக. ஆனால் நேற்றோடு பூ முடிந்துவிட்டது. அடுத்த வருஷம்தான்."

கரடி வெறும் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. "முதல் நாளே வந்தேன் ஐயா. கீழேயே நின்றுவிட்டுப் போய்விட்டேன்."

"பார்த்தேன்," என்றது மரங்கொத்தி. "கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். கரடியாயிற்றே என்று பயமாக இருந்தது."