ஜெயகுமாரின் மூன்றாம் பரீட்சை

“இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்கு,” என்றாள் நஸ்மியா, பேனாவை மேசையில் தட்டியபடி.

வெளியே பதுளை மழை கொட்ட, ஜெயகுமாருக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இன்றும் விட்டால் கொழும்புக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அந்த மருந்தாளர் கல்லூரியில் இந்த வருடம் புதுச் சட்டம். தேயிலைத் தோட்டத்து ஆளும் டவுன் ஆளும் எப்போது சாப்பிடுகிறார்கள், எப்போது நோன்பு பிடிக்கிறார்கள் என்று தெரியாத எவரும் வகுப்புக்குள் காலே வைக்கக் கூடாது. புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஜெயகுமாருக்கு அதுதான் தொண்டையில் முள்.

முதல் தடவை, நோன்பு பிடித்தவருக்கு மத்தியானம் ஒரு மாத்திரை என்று சொல்லி, நஸ்மியாவிடம் வசமாக மாட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குக் காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றார். “ஏழு மணிக்கு அவங்க மலையில நிப்பாங்க,” என்று சிரித்துக்கொண்டே சைபர் போட்டான் நிரோஷன்.

இன்று நிரோஷனே நமுனுகுலத் தோட்டத்து நோயாளி. ஜெயகுமாருடைய மகன் வயசுதான் இருக்கும். நடிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. தலையில் துவாய்த் துண்டைப் போட்டுக்கொண்டு இருமினான்.

“காலைச் சாப்பாட்டுக்குப் பொறகு ஒண்ணுனு எழுதியிருக்கு. எப்பங்க போடணும்?”

‘எட்டு மணி’ என்று வாய்வரை வந்ததை ஜெயகுமார் விழுங்கினார். எட்டா, ஒன்பதா? அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாததைக் கேட்டுவிட்டால்தான் என்ன?

“நீங்க காலையில எத்தன மணிக்குங்க சாப்புடுவீங்க?”

நிரோஷன் இருமலை நிறுத்தினான். “விடிஞ்சதும் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப வெறுந் தேத்தண்ணிதாங்க. பத்து மணிக்குத்தான் ரொட்டி.”

“அப்ப ரொட்டியச் சாப்புட்டுட்டே மாத்திரையப் போடுங்க. வெறும் வயித்துல போட்டுட்டு மலை ஏறாதீங்க, தலை சுத்தும்.”

நஸ்மியாவும் நிரோஷனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயகுமார் எழுந்தே நின்றுவிட்டார்.

நஸ்மியா தாளை நீட்டினாள்.

“பாஸ்! திங்கக்கெழமையில இருந்து நீங்க எங்களுக்குக் கிளாஸ் எடுக்கலாம், சார்.”