நீலக்கோடு

காலையில் எழுந்ததும் இகராஷி அரிசி கழுவிக் குக்கரில் போட்டான்.

சோறு வெந்ததும் முதல் கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து மனைவி சிகுசாவின் படத்துக்கு முன்னால் வைத்தான். மணியை ஒரு தட்டுத் தட்டினான். ஒலி அடங்கும்வரை கைகூப்பி நின்றான். பிறகு தன் பங்கை நின்றபடியே சாப்பிட்டான்.

அன்று எரிக்கிற குப்பையை எடுக்கும் நாள். பையை இறுக்கிக் கட்டித் தெருமுனையில் காக்கை கிளறாமலிருக்க விரித்த வலைக்கு அடியில் தள்ளிவிட்டு ரயிலேறினான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள். அவனும் குனிந்தான்.

அவன் மனைவி எழுதித் தயாரித்த கார்ட்டூன் தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு இன்று குரல் பதிவு. வெந்நீர்க் குளியல் கடை நடத்தும் ஒரு நீர்நாய்க் குடும்பத்தின் கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடு முழுக்கப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார்கள். சிகுசா அதன் முடிவைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதில் ஒரு வரியை எடுத்துவிடச் சொல்ல வந்திருந்தான் இகராஷி.

இந்தத் தொழிலுக்கு வந்தபோது சிகுசாவின் வேலை, ஓவியர்களின் வீடு வீடாகக் காரில் போய் வரைந்த தாள்களை வாங்கி வருவது. காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்மேல் காகிதத்தை வைத்து ஒரு கதை எழுதினாள். அதைப் படித்துவிட்டு அவளை எழுத்துக்கு இழுத்துக்கொண்டவர் ஹிருகாவா. அதன் பிறகு எல்லாத் தொடரையும் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதினார்கள், சேர்ந்தே தயாரித்தார்கள்.

பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனாலும் வீட்டில்கூட அவளுக்கு அவர் 'ஹிருகாவா சான்'தான். இன்னைக்கும் லேட், ஹிருகாவா சான் திட்டுவார் என்பாள். அங்கே யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடும்பப் பெயர், பின்னால் மரியாதைக்கு ஒரு சான்.

"ரென்ஜின்னு எனக்கு ஒரு பேர் இருக்கறதே எங்கம்மா போன் பண்ணாத்தான் ஞாபகம் வருது. உலகத்துல அவங்க ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடறாங்க." இகராஷியின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவர் ஹிருகாவா.

தகனக் கூடத்தில், எலும்பு பொறுக்கக் கூப்பிடும்வரை காத்திருந்தபோது, பீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அவர்தான் கேட்டார், கடைசியாக என்ன சொன்னாள் என்று. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நீ முதல்ல சாப்பிடுன்னு சொன்னா" என்றான் இகராஷி.

இப்போது அது அவனுக்கு வந்த வசனப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அம்மா நீர்நாய் குட்டியிடம் சொல்லும் கடைசி வசனம். அட்டையில் சிகுசாவின் பெயருக்குக் கீழே ஹிருகாவா ரென்ஜி என்று போட்டிருந்தது.

"உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும், இகராஷி சான்" என்றார் ஹிருகாவா. "வேண்டாம்னுடுவீங்களோன்னு பயம். அவங்க அங்க வேற ஒண்ணு எழுதி வெச்சிருந்தாங்க. நீளமா. அதை எடுத்துட்டுத்தான் இதைப் போட்டேன். அவங்க எழுதினதைவிட அவங்க சொன்னது நல்லா இருக்கு."

இகராஷி வாயைத் திறப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

படம் இன்னும் வரைந்து முடியவில்லை. குரல் பதிவுக்குள் எந்தத் தொடருக்கும் முடிந்ததில்லை. திரையில் பென்சிலில் கிறுக்கிய ஒரு நீர்நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது. அம்மா பேசவேண்டிய இடத்தில் ஒரு நீலக்கோடு தோன்றும். அது மறைவதற்குள் நடிகை பேசி முடிக்கவேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிகை ஒகிட்சு சான் பேசினார். நீ முதல்ல சாப்பிடு.

கோடு மறையவில்லை. வசனம் முடிந்தும் திரையில் நின்றுகொண்டே இருந்தது.

"இது அவங்க எழுதின பழைய வசனத்துக்குப் போட்ட கோடு. பாதி மிச்சம் கெடக்கு" என்றார் ஒகிட்சு சான், மைக்கில். "இகராஷி சான், தப்பா நினைக்காதீங்க. அதைச் சொல்லிட்டு அவங்க என்ன பண்ணாங்க? சிரிச்சாங்களா? உங்களைப் பார்த்தாங்களா?"

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஹிருகாவாவும்தான். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

இப்போதுகூட எடுக்கச் சொல்லலாம். ஏன் என்று ஹிருகாவா கேட்பார்.

"வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தா" என்றான்.

"பின்ன? இங்கயும் சாப்பாட்டுப் பெட்டி வர்ற நேரம்னா அவங்க கண்ணு கதவுமேலதானே இருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

ஒகிட்சு சான் இன்னொரு முறை பேசினார். பேசிவிட்டு, வராத ஒருவருக்காகக் காத்திருப்பவர்போல மூச்சை மட்டும் மெல்ல விட்டார். மூச்சு தீரவும் கோடு மறையவும் சரியாக இருந்தது.

ஹிருகாவா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, சொந்த வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல அழுதார். யாரோ இகராஷியின் தோளைத் தொட்டார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை.

"இதையே வெச்சுக்கலாமா?" என்று கேட்டார் ஒலி இயக்குநர், அவனைப் பார்த்து.

இகராஷி தலையசைத்தான்.

அவள் போன அன்று மதியம் ஆஸ்பத்திரியில் நல்ல வெயில். சிகுசா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிண்ணத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான். ஸ்பூனை அவள் உதட்டருகே கொண்டுபோனான். அவள் முகத்தைத் திருப்பாமல், வாசலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நீ வீட்டுக்குப் போயேன். ரென்ஜி வந்துடுவான்."