அவர் போனுக்கு வந்த எண்

“கணக்குப் படிச்சு என்ன கிழிக்கப் போற? தெருப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுப்பியா?”

“எடுத்தா என்னப்பா? கம்ப்யூட்டர் சயின்ஸ் அவ்வளவு பிடிச்சா நீங்க போய்ச் சேருங்க.”

“வாயப் பாரு. குளிச்சிட்டு வந்து நானே மாத்திப் போடுறேன்.”

அவர் குளியலறைக் கதவைச் சாத்தியதும் என் மகள் நிறைமதி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் கணக்குப் போடுகிறவள் அவள். கல்லூரி விண்ணப்பத்தில் கணிதத்தை முதல் விருப்பமாக வைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இன்று கடைசி நாள். ஒருமுறை போய்விட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த அவர் போன் சிணுங்கியது. ஓடிபி. அந்த எண்ணைப் போட்டால்தான் விண்ணப்பம் போகும். காஸ், ரேஷன், என் வங்கிக் கணக்கு, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் எண்தான். போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

“வந்துச்சாம்மா? படிம்மா.”

“யாரு போன்ல?” உள்ளிருந்து அவர் குரல். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

எண்ணைப் படிக்காமல் போனை முந்தானைக்குள் மறைத்தேன்.

“போச்சு, நேரம் முடிஞ்சுது. திரும்ப அனுப்பச் சொல்றேன். இந்தத் தடவையாவது சொல்லும்மா.”

மறுபடி சிணுங்கியது. இப்போது வேறு எண். அவள் என் உதட்டையே பார்க்கிறாள். உள்ளே துண்டை உதறுகிறார்.

இதை நான் உரக்கப் படிக்கட்டுமா? இந்தக் குழுவில் யாராவது சீக்கிரம் பதில் போடுங்கள்.