அப்பா தட்டு

"நான் என்ன பொடி தின்னா வளர்ந்தேன்? என் பொண்ணுக்கும் வேணாம்!" என்று தையல்காரர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். குட்டிக்கு ரத்தம் குறைவு, சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று நர்ஸம்மா கொடுத்த சத்துப்பொடிப் பொட்டலங்கள் அலமாரிக்குள் போயின.

குட்டிக்குத் தன் தட்டு வேப்பங்காய். அப்பா தட்டில் திருடித் தின்றால் மட்டும் அமிர்தம்.

"அப்பா தட்டுல கைய வச்சே, தோல உரிச்சிடுவேன்!" என்று மனைவி வேளை தவறாமல் கத்துவாள்.

"விடுடி, குழந்தைதானே" என்று தட்டைக் குட்டி பக்கம் நகர்த்துவார் தையல்காரர். பெரிய வள்ளல்!

அடுத்த பரிசோதனைக்கு வீடு தேடி வந்த நர்ஸம்மா வாயைப் பிளந்தார். "ரத்தம் நல்லா ஏறியிருக்கே!"

"எல்லாம் என் கைராசி!" தையல்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பொடியாவது கிடியாவது! எனக்கே இப்பல்லாம் மாடி ஏறினா மூச்சு வாங்கறதில்ல."

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் நர்ஸம்மா மெல்லக் கேட்டார். "நிஜமாவே பொடி போடலியா?"

"குட்டி தட்டுல போடல" என்றாள் மனைவி. "அவ திருடற தட்டுல போட்டேன். தொடாதேன்னு கத்தினேன். அவ்வளவுதான்."